பூஜ்யத்தில் வந்த வில்லங்கம்

எடைச் சீட்டில் 18,348 கிலோ என்று அச்சாகியிருந்தது. வில்லங்கம் முதன்முதலில் தலை காட்டியது அந்த எட்டில்தான்.

காங்கேயம் பக்கம் ஒரு அரிசி ஆலை. வாசலை ஒட்டி லாரி எடை மேடை, அதாவது வே பிரிட்ஜ். அந்த மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். 18,340 காட்டும், 18,350 காட்டும், நடுவில் எதுவும் கிடையாது. அப்படியிருக்க இந்த எட்டு கிலோ எங்கிருந்து வந்தது? ஆலையின் கணக்குப்பிள்ளை சீட்டை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, பிரிண்டர் கோளாறாக இருக்கும் என்று கம்பியில் குத்தி வைத்துவிட்டார். எட்டு கிலோதானே!

இது 2022 ஏப்ரலில். மே மாதம் விஷயம் பெரிதானது.

நெல் கொண்டுவந்த ஒரு வியாபாரி லோடோடு எடை போட்டார், 18,340. நெல்லை இறக்கிவிட்டு வெறும் வண்டியை எடை போட்டார். சீட்டில் 7,520. நிகர எடை 10,820 கிலோ. மனிதர் வரும் வழியிலேயே இன்னொரு மேடையில் எடை போட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அவர் கணக்கில் 11,220.

"ஏனுங்க, 400 கிலோ காத்துலயா போச்சு?"

கிலோ இருபது ரூபாய் என்று வைத்தாலே 8,000 ரூபாய். ஆலை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோருடைய பார்வையும் போகும் இடம் ஒன்றுதான். மேடைக்காரர். இருபத்திரண்டு வருடமாக அதே அறையில் உட்கார்ந்து எடை போடுகிற மனிதர். அவர்தான் "கை வைக்கிறார்" என்று பேச்சு கிளம்பியது. முதலாளி வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். "நாலு நாள் வீட்ல இருங்க" என்றார்களாம். அந்த நாலு நாளுக்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும்.

இந்த இடத்தில் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மேடைக்கு அடியில் லோட் செல்கள். அவற்றிலிருந்து வரும் கம்பிகள் மேடைக்குப் பக்கத்து அறையில் இருக்கும் இண்டிகேட்டர் பெட்டிக்குப் போகும். சிவப்பு எண்களில் எடை காட்டுவது அதுதான். அங்கிருந்து ஒரு கேபிள் நாற்பது மீட்டர் தள்ளி ஆபீசில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகிறது. சீட்டு அச்சாவது ஆபீசில். ஆண்டுதோறும் எடையளவுத் துறையினர் வந்து, கல் வைத்து சரிபார்த்து, முத்திரை போட்டுவிட்டுப் போவார்கள். முத்திரை மேடைக்கும் இண்டிகேட்டருக்கும்தான். அந்த நாற்பது மீட்டர் கேபிளுக்கு யாரும் முத்திரை போடுவதில்லை.

மென்பொருளை மாற்றினார்கள். கம்ப்யூட்டரை மாற்றினார்கள். இண்டிகேட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் "நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பில் மட்டும் தவறாமல் வந்தது.

மேடைக்காரரைக் காப்பாற்றியது ஒரு நாற்பது பக்க நோட்டு. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய பழக்கம் அவரை விடவில்லை. இண்டிகேட்டரில் காட்டும் எடையை, வண்டி எண்ணோடு, கையால் எழுதி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். யாரும் கேட்காத நோட்டு. அதை எடுத்துக்கொண்டு நேரே கணக்குப்பிள்ளையிடம் போனார்.

கணக்கு எழுதுகிறவர்களிடம் ஒரு பழைய சோதனை உண்டு. இரண்டு தொகைகள் ஒத்துப்போகவில்லை என்றால் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்ப்பார்கள். 54-ஐ 45 என்று இடம் மாற்றி எழுதியிருந்தால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். கணக்குப்பிள்ளை நோட்டையும் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தார். இரண்டு மாதத்தில் பதினோரு சீட்டு ஒத்துப்போகவில்லை. வித்தியாசங்கள் 8, 400, 20, 80, 200 என்று போயின. ஒன்றுகூட 9-ஆல் வகுபடவில்லை. அப்படியென்றால் கை தவறி எழுதியது இல்லை. அதைவிட அவருக்கு உறுத்தியது இன்னொன்று. எந்தச் சீட்டிலும் மாறியிருந்தது ஒரே ஒரு இலக்கம். அந்த இலக்கம் மாறிய அளவு 1, 2, 4, 8 இவற்றில் ஒன்று. 3, 5, 6, 7, 9 என்று ஒரு தடவைகூட வரவில்லை. திருடுகிறவன் இப்படியா கணக்குப் பார்த்துத் திருடுவான்?

அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டான் மோட்டார் ரிப்பேருக்கு வந்திருந்த பையன். ஐடிஐ படித்தவன். "இது ஆள் வேலை இல்லீங்க ஐயா, பிட் வேலை" என்றான்.

கம்ப்யூட்டர்கள் எண்களை அனுப்பும்போது ஆஸ்கி என்ற குறியீட்டில் அனுப்புகின்றன. 0 என்ற இலக்கத்தின் கடைசி நாலு பிட்டுகள் 0000. 8-க்கு 1000. ஒரே ஒரு பிட் புரண்டால் 0 என்பது 8 ஆகிவிடும். 1 என்பது 0001, 5 என்பது 0101. இங்கேயும் ஒரு பிட் வித்தியாசம்தான். நோட்டில் இருந்த வண்டி எடை 7,120. சீட்டில் 7,520. வியாபாரியின் 400 கிலோ காற்றில் போகவில்லை, ஒரு பிட்டில் போயிருக்கிறது.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. பிட் புரண்டால் எப்போதும் இலக்கமே வரும் என்பதில்லை. 3-ல் ஒரு பிட் புரண்டால் அரைப்புள்ளி வரலாம். 8-ல் புரண்டால் முக்கால்புள்ளி வரலாம். அப்படி வரும் வரிகளை மென்பொருள் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு அடுத்த வரியை எடுத்துக்கொள்ளும். ஆக, பார்த்தாலே பொய் என்று தெரிகிற பொய்கள் வாசலிலேயே நின்றுவிடும். உண்மை மாதிரியே இருக்கும் பொய் மட்டும் சீட்டில் அச்சாகும். மென்பொருள் எழுதியவர் நல்லது என்று நினைத்துத்தான் இதைச் செய்திருப்பார்!

பையன் செய்த முதல் வேலை, இரண்டு பக்கமும் பாரிட்டியைப் போட்டது. ஒவ்வொரு எழுத்தோடும் ஒரு பிட் கூடுதலாகப் போகும். ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையில் இருக்கும்படி அதை வைப்பார்கள். ஒரு பிட் புரண்டால் ஒற்றைப்படை ஆகிவிடும், மாட்டிக்கொள்ளும். இது கிட்டத்தட்ட இருப்பாய்வு மாதிரி. பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ தப்பு என்று மட்டும் சொல்லும், எங்கே என்று சொல்லாது. இரண்டு தப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டால் இருப்பாய்வு ஏமாந்துவிடும் அல்லவா, பாரிட்டியும் அப்படியே. இரண்டு பிட்டுகள் சேர்ந்து புரண்டால் அதற்குத் தெரியாது.

தப்பான சீட்டு நின்றது. பதிலுக்கு, திரையில் "எடை வரவில்லை" என்று அடிக்கடி வர ஆரம்பித்தது. எப்போதெல்லாம் வருகிறது என்று பார்த்தால், ஆலைக்குள் பெரிய மோட்டாரை ஸ்டார்ட் செய்யும் நேரங்களில். நோய் அப்படியே இருக்கிறது, வாய் மட்டும் மூடியிருக்கிறது.

பையன் ஆபீஸ் பக்கம் கேபிளைக் கழற்றினான். மல்டிமீட்டரை ஏசியில் வைத்தான். ஒரு முனையைக் கேபிளின் ஐந்தாவது பின்னிலும் மறு முனையைக் கம்ப்யூட்டரின் இரும்புக் கூட்டிலும் வைத்தான். ஐந்தாவது பின் என்றால் கிரவுண்ட். கம்ப்யூட்டர் கூடும் கிரவுண்ட். இரண்டுமே பூஜ்யம். பூஜ்யத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் பூஜ்யம்தானே இருக்க வேண்டும்?

மோட்டார்கள் நின்றிருந்தபோது 2 வோல்ட் காட்டியது. ஆலை முழுதும் ஓடும்போது 6 வோல்ட்.

வோல்ட் என்பது ஒரு இடத்தில் இருக்கும் சரக்கு இல்லை, இரண்டு இடங்களுக்கு இடையிலான வித்தியாசம். இந்தக் கம்பியில் 5 வோல்ட் என்றால், எதிலிருந்து 5 என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு போர்டும் தன்னுடைய கிரவுண்டைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு அளக்கிறது. ஒருவர் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து மூன்று முழம் அளந்து கொடியைக் கட்டுகிறார். எதிர்வீட்டுக்காரர் தன் திண்ணையிலிருந்து அளந்து பார்க்கிறார். இரண்டு திண்ணையும் ஒரே மட்டத்தில் இருக்கும்வரை சண்டை இல்லை. இங்கே ஒரு திண்ணை வினாடிக்கு ஐம்பது தடவை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

எப்படி? மேடை அறைக்குத் தனி எர்த் குழி. ஆபீசுக்கும் ஆலை மோட்டார்களுக்கும் சேர்த்து இன்னொரு எர்த் குழி. பழைய மோட்டார்களின் காப்பு வழியாகக் கசியும் மின்சாரம் எல்லாம் ஆலைக் குழி வழியாக மண்ணில் இறங்குகிறது. குழியின் தடை 3 ஓம், கசிவு 2 ஆம்பியர் என்றால் 6 வோல்ட். பள்ளிக்கூடத்து ஓம் விதிதான், வேறொன்றுமில்லை. ஆலைக் குழி அந்த அளவுக்கு எழும்பி நிற்கும், மேடைக் குழி நிற்காது. அதிலும் ஏப்ரல், மே மாதத்தில் மண் காய்ந்து கிடக்கும், தடை இன்னும் ஏறும். கரியும் உப்பும் போட்டு எர்த் குழி தோண்டுவதும், கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வதும் சும்மா சடங்குக்கு இல்லை. வில்லங்கம் ஏன் கோடையில் முளைத்தது என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது.

ஆர்எஸ்-232 முறையில் ஒரு கம்பியில் சிக்னல், அதை எல்லோருக்கும் பொதுவான கிரவுண்ட் கம்பியோடு ஒப்பிட்டுப் படிக்கிறார்கள். 1960-ல் வந்த தரம் இது. 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 0, மைனஸ் 3-க்குக் கீழே இருந்தால் 1, நடுவில் இருப்பது எதுவும் இல்லை. பிறகு வந்த 232-சி பதிப்பு சொன்ன தூரம் ஐம்பது அடி, அதாவது சுமார் 15 மீட்டர். இங்கே நாற்பது. இரண்டு குழிகளையும் அந்த மெல்லிய கிரவுண்ட் கம்பி இணைத்துவிட்டதால், ஆலையின் கசிவு மின்சாரம் அதன் வழியாகவும் ஓடுகிறது. கம்பியின் தடையில் விழும் வோல்டேஜ் சிக்னலோடு கூடும், அல்லது கழியும். சாதாரண நேரத்தில் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வரும் ஒரு குத்து போதும். 9600 வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் சுமார் 104 மைக்ரோ வினாடி. அந்தக் குத்து ஒரு பிட்டை விழுங்கிவிட்டுப் போய்விடும்.

பாடப்புத்தகங்களில் இரண்டு பெட்டி வரைந்து நடுவில் ஒரு அம்புக்குறி போடுவார்கள், டேட்டா போகிறதாம். திரும்பி வரும் வழியை வரைவதே இல்லை. பற்று எழுதினால் வரவு எழுதியே தீர வேண்டும் என்று இரட்டைப் பதிவு முறையில் முதல் பாடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். போன மின்சாரம் திரும்பி வந்தே தீர வேண்டும் என்பதும் அதே போல முதல் பாடம்தான். கம்பி போட்டுக் கொடுத்தால் கம்பி வழியே வரும். போடாவிட்டால் மண் வழியே, பக்கத்து மெஷின் வழியே, எது கிடைக்கிறதோ அதன் வழியே வரும்.

மண்ணைக் கம்பியாக்குவது புது யோசனையும் இல்லை. 1838-ல் ஸ்டைன்ஹைல் என்ற ஜெர்மானியர் தந்திக்கு ஒரு கம்பி போதும், திரும்பி வர மண்ணே போதும் என்று கண்டுபிடித்தார். பாதிச் செலவு மிச்சம், உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. 1859 செப்டம்பரில் பெரிய சூரியப் புயல் வந்தபோது அந்த மண்ணே மின்சாரம் தள்ள ஆரம்பித்தது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லாண்டுக்கும் நடுவே தந்திக்காரர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வானத்து உபயத்தில் வந்த மின்சாரத்திலேயே சில மணி நேரம் பேசிக்கொண்டார்கள். பூமி எல்லா இடத்திலும் ஒரே பூஜ்யம் என்று நினைக்கிறவர்கள் இதைப் படிக்கலாம்.

சரி, ஆலைக்கு வருவோம். ஜூலையில் எடை மேடை சர்வீஸ்காரர் ஒருவர் வந்தார். "232 எல்லாம் பழசுங்க, 485 போட்டா ஒரு கிலோமீட்டர்கூட போகும்" என்றார். அதில் பொய் இல்லை. 1983-ல் வந்த ஆர்எஸ்-485 சுமார் 1,200 மீட்டர் வரை தாங்கும். இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைத்தான் அது படிக்கும். கம்பி இரண்டும் சேர்ந்து ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசம் மாறாது. அருமையான யோசனை. இதைக் கேட்டவுடன் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள், கிரவுண்டே தேவையில்லை என்று! சர்வீஸ்காரரும் இரண்டே கம்பி இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

வித்தியாசத்தைப் படிக்கும் சிப், அந்த இரண்டு கம்பிகளையும் தன்னுடைய கிரவுண்டிலிருந்துதான் பார்க்கிறது. அதன் பார்வைக்கு எல்லை உண்டு. மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரை. சிக்னல் 0-வுக்கும் 5-க்கும் நடுவில் ஓடுவதால், இரண்டு பக்கத்துப் பூஜ்யங்களும் 7 வோல்ட் வரை விலகலாம் என்று கணக்கு. மல்டிமீட்டர் காட்டிய 6 வோல்ட் ஏசி, உச்சத்தில் எட்டரை வோல்ட். அதாவது கோடையில் இந்த ஆலை அந்த எல்லையைத் தாண்டித்தான் இருந்தது. மாட்டியது ஜூலையில், கொஞ்சம் மழை பெய்து மண் நனைந்திருந்த நேரம். அதனால் ஓடியது. எல்லோருக்கும் திருப்தி. மேடைக்காரரையும் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள், மன்னிப்பு என்ற வார்த்தை இல்லாமல். "வாங்க, வண்டி நிக்குது" என்றாராம் முதலாளி. அவரும் போய் உட்கார்ந்துகொண்டார்.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தது. இரண்டு பக்கத்து 485 சிப்பும் போய்விட்டன. இடி நேராகக் கம்பியில் விழ வேண்டியதே இல்லை. பக்கத்து மண்ணில் இறங்கினால் போதும். இரண்டு குழிகளுக்கு நடுவே ஒரு கணம் ஆயிரக்கணக்கில் வோல்ட் எழும்பும். இரண்டு குழிகளையும் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரே பொருள் அந்தக் கேபிள்தான்.

இந்த முறை பையன் சொன்னதைக் கேட்டார்கள். கிரவுண்டுகளைப் பிரித்துவிடுவது. நடுவில் ஆப்டோ கப்ளர் வைத்த பெட்டி ஒன்று. உள்ளே ஒரு குட்டி எல்இடி, எதிரே அந்த ஒளியைப் பார்க்கும் டிரான்சிஸ்டர். சேதி ஒளியாகத் தாண்டும், மின்சாரம் தாண்டாது. இந்தப் பூஜ்யம் எங்கே, அந்தப் பூஜ்யம் எங்கே என்ற கேள்வியே எழாது. சங்கீத உலகம் இதை எப்போதோ செய்துவிட்டது. 1983-ல் வந்த மிடி முறையில் ஒரு கீபோர்டின் சேதி இன்னொரு கீபோர்டுக்குள் நுழையும் வாசலில் ஆப்டோ கப்ளர் இருந்தே ஆக வேண்டும். கேபிளின் உறையைக்கூட அனுப்பும் பக்கம் மட்டும்தான் கிரவுண்டில் இணைப்பார்கள். இல்லாவிட்டால் மேடையில் பாட்டோடு சேர்ந்து 50 ஹெர்ட்ஸில் "ம்ம்ம்" என்று மெயின்ஸும் பாடும். கச்சேரியில் காதுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. எடைச் சீட்டில் யாருக்குக் கேட்கும்?

அங்கேயும் ஒரு கூத்து. பெட்டியின் இரண்டு பக்கத்துக்கும் மின்சாரம் வேண்டும் அல்லவா? ஆபீஸ் ஆள், எதற்கு இரண்டு அடாப்டர் என்று ஒன்றிலிருந்தே இரண்டு பக்கத்துக்கும் இழுத்துவிட்டார். பிரிக்கத்தான் பெட்டி வாங்கியது, அடாப்டர் வழியாக மறுபடி சேர்த்தாயிற்று. பையன் வந்து தலையில் அடித்துக்கொண்டு இரண்டாவது அடாப்டரை மாட்டினான்.

பதினோரு சீட்டுகளையும் முதலாளி எடுத்து வரச் சொன்னார். குறைத்துக் கொடுத்தவர்களுக்கு மீதியைக் கொடுத்தார்கள். கூடுதலாக வாங்கிப் போனவர்களிடம் கேட்க வேண்டாம் என்றுவிட்டார். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் கணக்குப்பிள்ளை கொஞ்ச நாள் அனாமத்தில் வைத்திருந்தார்.

மேடைக்காரர் இப்போதும் நோட்டு எழுதுகிறார். "அதான் சரியாயிடுச்சே அண்ணா, இன்னும் எதுக்கு?" என்று பையன் ஒரு நாள் கேட்டான்.

"எழுதிப் பழகிருச்சு கண்ணு" என்றார்.

கோடை வந்தால் காலையில் நாற்காலியில் உட்காரும் முன் இரண்டு எர்த் குழிக்கும் ஆளுக்கொரு குடம் தண்ணீர் ஊற்றுவதும் அவர்தான்.